இரண்டு வெயில் விழுந்த ஃபிலிம்

போன வாரம் பாயசத்துக்கு ஏலக்காய் தேடிக்கொண்டிருந்தபோது அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு டப்பா உருண்டு வந்தது. சாம்பல் நிற மூடி போட்ட, கட்டைவிரல் உயர டப்பா. முப்பது வருடத்துக்கு முன்னால் ஃபிலிம் ரோல் வந்த டப்பா அது. என் மனைவி அதில் ஏலக்காய் வைத்திருக்கிறாள். திறந்து மோந்து பார்த்தேன். ஏலக்காய்க்கு அடியில் லேசாக ஃபிலிம் வாசனை அடித்தது.

"ஒரு வாசமும் இல்ல. ரெண்டு காயை எடுத்துக் குடுத்துட்டு வெளிய போங்க" என்றாள்.

அவள் மூக்கு சரியாகத்தான் இருக்கும். என்னுடையதைத்தான் நம்ப முடியாது. ஒரு மத்தியான வெயிலில் இரண்டு ஃபிலிம் ரோல்களை மாற்றி மாற்றி மோந்து, எது படம் எடுத்தது, எது புதுசு என்று கண்டுபிடிக்கப் பார்த்த மூக்கு இது.

அப்போது நான் திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சந்தில், செல்வண்ணன் ஸ்டூடியோவில் இருந்தேன். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, மண்டபத்துக் கல்யாணம். எல்லாமே கூரைக்கு அடியில். ஒரு நாள் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் கையில் ஒரு காலண்டரோடு வந்தார். அதில் மணல்மேட்டில் இரண்டு பெண்கள் முந்தானையைக் காற்றில் விட்டுக்கொண்டு நின்றார்கள். பின்னால் ஒட்டகம்.

"இதே மாரி வேணும். பாலைவனம், ரெண்டு பொண்ணு. சேல மட்டும் நம்ம சின்னாளபட்டிச் சேல. தீவாளி நோட்டீசுக்கு."

செல்வண்ணனுக்கு அந்த வாரம் பழனியில் கல்யாண வேலை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, அவுட்டோர் பண்ணியிருக்கியா?"

"பண்ணியிருக்கேண்ணே."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. என் அவுட்டோர் அனுபவம் என்பது, மண்டபத்தில் கரண்ட் போனபோது பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாசல் வரை கூட்டி வந்து எடுத்தது.

மாடல் என்று அப்போது ஊரில் யார் இருந்தார்கள்? முதலாளியின் கடையிலேயே சேலை எடுத்துப் போடும் கலா ஒருத்தி. சாணார்பட்டிக்காரி. நோட்டீசில் தன் படம் வரப்போகிறது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இன்னொருத்தி ஜெயமேரி, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை பம்பாயில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரயிலேறுகிறாள். எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. வியாழக்கிழமைதான் படம் எடுக்கக் கிடைத்த ஒரே நாள்.

"ஒரு நாளுதான். இது சொதப்புச்சுன்னா ரெண்டாந்தடவ கெடையாது" என்று சொல்லித்தான் செல்வண்ணன் கேமராவை என் கழுத்தில் மாட்டினார். ஃபிலிம் இரண்டு ரோல். ஆளுக்கு முப்பத்தாறு படம்.

முதலாளியின் காரில் போய் இறங்கியது சாணார்பட்டி தாண்டி ஒரு வறண்ட குளத்தில். களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பத்து மணிக்குள் முடித்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு முதலாளி ஒப்பவில்லை. நல்லா உச்சி வெயில் அடித்தால்தான் சேலை பளிச்சென்று விழும் என்றார். விழுந்தது. கூடவே இரண்டு பெண்களுக்கும் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகளும் விழுந்தன. அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்து, தரையைப் பார்த்து, கடைசியில் கேமராவைத் தட்டிப் பார்த்தேன், ஏதோ தப்பு அதில் இருப்பது போல.

கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மகோல் அட்டை கொண்டுபோயிருந்தோம். வேறு ஆளில்லாததால் வெள்ளை வேட்டி சட்டையில் முதலாளியே அதைப் பிடித்துக்கொண்டு குந்தினார். சொல்லப்போனால் அட்டையைவிட அவர்தான் அதிக வெளிச்சம் கொடுத்தார்.

"தம்பி, ஒட்டகத்துக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"

"ஆடு இருக்கு மொதலாளி."

இருந்தது. இருபது முப்பது ஆடுகள் எந்த அழைப்பும் இல்லாமல் பச்சைச் சேலையில் நின்ற கலாவுக்குப் பின்னால் வந்து நின்று கேமராவைப் பார்த்தன. அவற்றில் ஒன்றுகூடக் கண்ணைச் சிமிட்டவில்லை. கலாவுக்குத்தான் கண் திறக்கவில்லை.

"கண்ண மூடிக்கம்மா. நான் மூணு வரைக்கும் எண்ணுவேன். மூணு சொன்னதும் தெறக்கணும்."

"மூணு சொல்லும்போதா, சொல்லி முடிச்சப்பறமாண்ணே?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. யோசித்துக்கொண்டே எண்ணியதில் இரண்டிலேயே அமுக்கிவிட்டேன். அடுத்த தடவை அவள் இரண்டில் திறந்தாள், நான் மூன்றில் அமுக்கினேன். எப்படியோ முப்பத்தாறும் முடிந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். எடுத்து முடித்த ஃபிலிமைத் திரும்பச் சுற்றும்போது அதன் நுனி முழுவதும் ரோலுக்குள் போய்விடும். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது புது ரோல். யாரும் ஏமாற முடியாத அடையாளம். ஆனால் கைதேர்ந்தவர்கள் சத்தத்தை வைத்தே நுனியை உள்ளே விடாமல் நிறுத்துவார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். அந்த இரண்டு பெண்களுக்கு முன்னால் நானும் கைதேர்ந்தவனாக இருக்க ஆசைப்பட்டேன். காதை வைத்துக் கேட்டு, சரியாக நிறுத்தியும்விட்டேன். வாழ்க்கையில் முதல் முயற்சியிலேயே எனக்கு வாய்த்த காரியம் அது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பி தெர்மகோலைப் பிடுங்கிக்கொண்டு போனது. "தம்பி, புடிங்க" என்று முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு ஓட, நான் ரோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினேன். குளத்தின் மறுகரைவரை ஓடி, ஆட்டுக்காரரிடமிருந்து பாதி அட்டையை வாங்கி வந்தேன். மிச்சத்தை ஆடு தின்றதா காற்று தின்றதா தெரியாது. திரும்பி வந்து பையில் கையைவிட்டால் இரண்டு ரோல்கள். இரண்டிலும் நுனி வெளியே.

புது ரோலையும் முன்னமே டப்பாவிலிருந்து எடுத்து அதே பையில் வைத்திருந்தேன். நேரம் மிச்சம் பிடிக்கிறேனாம்.

இரண்டையும் ஆட்டிப் பார்த்தேன். உள்ளங்கைகளில் வைத்து எடை பார்த்தேன். பிறகுதான் அந்த மோப்பம். முப்பத்தாறு படத்தின் வாசம் தனியாகத் தெரியும் என்று எப்படி நினைத்தேனோ.

"சார், என்ன மோந்து பாக்குறீங்க?"

அரக்குச் சேலையில் தயாராகி, கார் நிழலில் நின்றுகொண்டிருந்த ஜெயமேரி. முதலாளி காருக்குள் கண்ணை மூடிக் கிடந்தார், கலா பின்சீட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னேன்.

"இதுக்கா இம்புட்டு வேர்க்குது? போய் இன்னொரு ரோலு வாங்கிட்டு வாங்க. செத்த நேரம் காத்திருக்கோம்."

நல்ல யோசனைதான். ஆனால் போவதற்கு முதலாளியிடம் கார் கேட்க வேண்டும், எதற்கு என்று அவர் கேட்பார், நான் இதற்கு முன்னால் வெயிலில் படமே எடுத்ததில்லை என்பது வரை அந்தப் பேச்சு இழுத்துக்கொண்டு போகும். அந்த நிமிஷம் எனக்கு அதைவிட எளிதாகத் தெரிந்தது சாமியைக் கேட்பதுதான். எங்கள் பக்கம் தீர்மானிக்க முடியாத காரியத்துக்குப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு யாரையாவது விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நான் சாப்பாடு கட்டி வந்த பேப்பரைக் கிழித்து இரண்டு ரோலையும் பொட்டலமாக மடித்து, கார் பானெட்டில் போட்டேன். சுட்டது.

"நீங்க எடுக்குறதுதான் புதுசு."

"நான் வேதக்காரி சார். எந்தச் சாமிய நெனச்சு எடுக்க?"

"இந்த வெயில்ல யாரு சும்மா இருக்காங்களோ, அவங்கள."

சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தாள். மாட்டினேன்.

ஜெயமேரி அன்று நின்றதைப் போல அப்புறம் எந்தப் பெண்ணும் என் கேமராவுக்கு முன்னால் நின்றதில்லை. எண்ணவே தேவைப்படவில்லை. வெடித்த மண்ணில் செருப்பில்லாமல், கண்ணைத் திறந்து வைத்து நின்றாள். "எடுங்க சார், வந்துரும்" என்று இடையிடையே எனக்குத் தைரியம் வேறு சொன்னாள்.

"நல்லா வந்துருக்கா தம்பி?" என்று கேட்டார் முதலாளி.

"வந்துருக்கு மொதலாளி."

மதுரை லேபிலிருந்து கவர் வந்தது திங்கட்கிழமை. நான்கு நாள் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று நினைவில்லை. ஒரு ரோல் ஒன்றுமே இல்லாத வெறும் பட்டை, நான் மாட்டாமல் விட்ட புதுசு. இன்னொன்றில் முப்பத்தாறு படம். ஒவ்வொன்றிலும் கலாவுக்குள் ஜெயமேரி, ஜெயமேரிக்குள் கலா. பச்சையும் அரக்கும் கலந்து சேலை கருவாட்டு நிறத்தில் இருந்தது. ஒரு வெயிலே தாங்காத ஃபிலிமில் இரண்டு வெயில் விழுந்திருந்தது. வானம் வெறும் வெள்ளை. ஆடுகள் இருவரின் இடுப்புக்குள்ளும் மேய்ந்தன. முதல் ஐந்து நிமிஷம் லேப்காரன்தான் கெடுத்துவிட்டான் என்று மனதார நம்பினேன்.

செல்வண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பூக்கட்டியது உட்பட.

"ஏலே, அவுட்டோர் பண்ணியிருக்கேன்னு சொன்னியே."

"பண்ணியிருக்கேண்ணே. இப்பத்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆனால் முதலாளியிடம் போய் நீயே சொல் என்று அனுப்பிவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. படங்களை என் பக்கம் தள்ளிவிட்டு, மடித்த சேலைகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி டியூப்லைட்டில் எடுக்கச் சொன்னார். நோட்டீசில் அதுதான் வந்தது.

கலா என்னைச் சேலை அடுக்குக்குப் பின்னால் கூப்பிட்டுப் படங்களைக் கேட்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல நான் எதுண்ணே?"

"பச்சை."

"பச்சையே இல்லையேண்ணே."

கலா ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "தெருவுல கேட்டா, வெயிலு தாங்காம ஒருத்திக்குள்ள ஒருத்தி ஒதுங்குனோம்னு சொல்லிக்கிறேன்." சொல்லிவிட்டு அடுத்த கஸ்டமருக்குச் சேலை பிரிக்கப் போய்விட்டாள். குரல் மட்டும் சரியாக இல்லை.

அந்தக் குளத்தில் இப்போது வண்ணக்கல் நட்டு மனை விற்கிறார்கள். ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கவர். லேப் எப்போது மூடினார்கள் என்றே தெரியவில்லை. இப்போது படம் எடுக்கிற பிள்ளைகள் வேர்வையைத் துடைப்பதற்கு முன்னால் படத்தைக் காட்டிவிடுகிறார்கள், தப்பென்றால் அங்கேயே அழித்துவிட்டு இன்னொன்று. வந்ததா வராததா என்று தெரியாமல் நான்கு நாள் சுற்றுகிற கிறுக்குத்தனம் எவருக்கும் இல்லை. கலா கல்யாணமாகித் தொப்பம்பட்டிப் பக்கம் போனாள். ஜெயமேரிக்குத் தான் எடுத்தது எந்த ரோல் என்று கடைசிவரை தெரியாது.

என்னிடம் ஒரு படம் மட்டும் மிச்சம். இரண்டு முகமும் கலங்கிக் கிடக்கும் அதில் ஒரு கை மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது, கண்கூசாமல் இருக்க நெற்றிக்குமேல் உயர்த்திய கை. இருவரும் போட்டிருந்தது கடையின் ஒரே டஜன் வளையல், கழற்றி மாற்றிக்கொண்டார்கள். அதனால் யார் கை என்று சொல்ல முடியவில்லை. கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்துவிட்டேன். ஒருத்தியின் கை இன்னொருத்தியின் நெற்றிக்கு நிழல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது.