தைலம் ஊற்றிய சோபா

பிள்ளைகளா, உங்கள் அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் "சோபா கழுவுறாரு" என்று சொல்கிறீர்களாம். உங்கள் டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கழுவுவது வேறு, சுத்தம் செய்வது வேறு. இந்த வித்தியாசத்தை இந்த மலையில் ஒருத்தருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை. உங்களுக்காவது புரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சோபாவை முதலில் ஈரமே படாமல் தூசி உறிஞ்ச வேண்டும். பாதி அழுக்கு அதிலேயே போய்விடும். அப்புறம் மருந்துத் தண்ணீரைப் பனிபோலத் தெளித்து, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்து, பத்து நிமிடம் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் மெஷின். அதில் இரண்டு டேங்க். ஒன்றிலிருந்து நல்ல தண்ணீர் துணிமேல் பீய்ச்சும். அந்தத் தண்ணீரை அப்போதே அழுக்கோடு உறிஞ்சி இன்னொரு டேங்குக்கு அனுப்பும். பீய்ச்சுவது ஒரு தடவை என்றால் உறிஞ்சுவது மூன்று தடவை. ஏனென்றால் துணிக்கு உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்துவிட்டால் லேசில் காயாது. கீழே வத்தலக்குண்டில் வெயில் காய்ச்சிக் கொடுத்துவிடும். இங்கே மத்தியானம் மேகம் இறங்கிவிட்டால் கொடியில் போட்ட பனியனே மூன்று நாள் அப்படியே கிடக்கும்.

இதையெல்லாம் நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தபோது கற்றுக்கொண்டேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் அப்போது வீட்டுக்கு வருவேன். நான் வந்தால் நீங்கள் இருவரும் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வீர்கள். போதும் என்று சொந்தமாக ஒரு மெஷினை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்தபின் இங்கே நிலையான வேலை கிடைக்கவில்லை. கம்பெனிக்காரர் திரும்பக் கூப்பிட்டார். அந்த மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். உங்களிடம் இதைச் சொல்லவில்லை.

அப்போதுதான் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜர் கூப்பிட்டார். முன் ஹாலில் இருக்கும் பெரிய சோபாவை மட்டும் முதலில் செய்துகாட்ட வேண்டும். மறுநாள் பதினோரு மணிக்கு முதலாளியம்மா திண்டுக்கல்லிலிருந்து வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் லாட்ஜ் முழுவதும், வருஷம் முழுவதும் எனக்கு. பிடிக்காவிட்டால் நான் கோயம்புத்தூர் பஸ்ஸில்.

சோபா வேலை நன்றாகவே நடந்தது. மேனேஜர்தான் நிம்மதியாக விடவில்லை. வந்து வந்து எட்டிப்பார்த்தார்.

"ஏம்ப்பா, நுரையே காணோமே. முன்னாடி வந்த ஆளு ஹாலெல்லாம் நுரையாக்கிட்டுப் போனான்."

அந்த நுரைதான் சார் உள்ளே காய்ந்து பிசுபிசு என்று தூசியைப் பிடித்துவைத்திருக்கிறது என்று சொன்னேன். டேங்கைத் திறந்து கடுங்காப்பி மாதிரி இருந்த தண்ணீரைக் காட்டினேன். பார்த்தார். பிறகு குனிந்து சோபாவை மோந்தார்.

"வாசமே வரலையே. கொஞ்சம் தைலம் தெளிச்சு விடு."

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் தைலம். சளிக்கும் தைலம், முழங்காலுக்கும் தைலம், கக்கூசுக்கும் தைலம். சுத்தமான யூகலிப்டஸ் தைலம் என்றால் அநேகமாகக் காற்றில் பறந்துவிடும். கடையில் மலிவாக விற்பதில் வேறு எண்ணெய் கலந்திருக்கும். ஈரத்துணியில் பட்டால் வட்டவட்டமாகக் கறை நிற்கும். வேண்டாம் சார் என்று மூன்று தடவை சொன்னேன். சரி சரி என்று மூன்று தடவை தலையாட்டினார். ஃபேனை ஓடவிட்டு, ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் வெள்ளனே போனேன். வாசலிலேயே கண் எரிந்தது. சோபா முழுக்க டம்ளர் வைத்து எடுத்ததுபோல எட்டு வட்டம்.

"பாத்தியா ஒன் மெஷின் செஞ்ச வேலைய?" என்றார் மேனேஜர்.

ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், மலைக்கு மேலே போளூர்க்காரர், மாப்பைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நீங்கதான சார் முழு பாட்டிலையும் ஊத்தச் சொன்னீங்க. நான் பாதிதான் ஊத்துனேன். அதுக்கே இப்பிடி."

மேனேஜர் அந்த அக்காவுக்குச் சமையல்கட்டில் ஏதோ சோலி இருப்பதாக ஞாபகப்படுத்தினார். எட்டு மணி. மூன்று மணி நேரம் இருந்தது.

வெள்ளைத்துணியை வைத்து அழுத்தி அழுத்தி எண்ணெயை எடுத்தேன். தேய்த்தால் பரவும். சமையல்கட்டிலிருந்து அந்த அக்கா கொண்டுவந்த சோளமாவைக் கறைமேல் தூவி, அது எண்ணெயைக் குடிக்கும்வரை காத்திருந்து, உறிஞ்சினேன். மறுபடி மருந்து, மறுபடி மெஷின். வட்டம் போனது. ஈரம் போகவில்லை. ஃபேனும் ஹீட்டரும் வைத்துவிட்டு மெஷினைக் கழுவப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தால் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. ஹாலுக்குள் மேகம். முதலாளியம்மா வருவதற்குள் தைல நாற்றம் போகட்டும் என்று மேனேஜர் திறந்துவிட்டிருக்கிறார். ஊற்றச் சொன்னதும் அவர், வாசம் போகத் திறந்ததும் அவர். நான் ஓடி ஓடிச் சாத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வயதான ஆள் என்று பார்க்காமல் இரண்டு வார்த்தை சத்தமாகவும் சொல்லிவிட்டேன்.

முதலாளியம்மா பதினொன்றுக்குச் சரியாக வந்தார். நேராகச் சோபாவில் உட்காரப் போனார். பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"அம்மா, உக்காராதீங்க. ஈரமா கெடக்கு. சாயந்தரம் ஆகும்ங்க."

நேற்றே முடிந்துவிட்டது என்றார்களே என்று கேட்டார். முடிந்தது, மறுபடி செய்ய வேண்டியதாகிவிட்டது என்றேன். ஏன் என்றார். மேனேஜர் தரையைப் பார்த்தார். தைலம் பட்டுவிட்டதும்மா, கறையை எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் குனிந்து கைப்பிடியைத் தடவினார். பின்பக்கத் துணியைத் தடவினார்.

"இது நீல கலரா? நான் சாம்பல்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அப்புறம் மேனேஜரைப் பார்த்து, எல்லா அறையையும் இவரிடமே கொடுங்கள் என்றார். நான் கும்பிட்டுவிட்டு மெஷினைத் தூக்கும்போது கூப்பிட்டார்.

"தம்பி, எல்லாம் சரி. முடிச்சதும் நல்ல தைலமா வாங்கி ரெண்டு சொட்டு விடுங்க. வாசம் வேணும்ல."

சரிங்கம்மா என்றேன். இன்றுவரை ஒரு பாட்டில் மூடியில் பஞ்சை வைத்து, அதில் தைலம் விட்டு, சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு வருகிறேன். இப்போது நன்றாகச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து, இனி கோயம்புத்தூர் போகமாட்டேன் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்தாள். நீங்கள் இரண்டுபேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "அப்பா, மொதல்ல குளிச்சிட்டு வாங்க" என்றாள் சின்னவள்.