பெட்ரோலும் பால்குடமும்

எனக்கு முன்னாலேயே அவர் வாழ்க்கைக்குள் வந்துவிட்டது அந்த மோட்டார் சைக்கிள். நாச்சியாபுரத்துக்கு என்னைப் பெண் பார்க்க அதில்தான் வந்தார். மாப்பிள்ளை தெருமுனை திரும்புவதற்கு முன்பே அவருடைய வண்டிச் சத்தம் கூடத்துக்கு வந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். காரைக்குடியில் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு வேலை. கல்யாணத்துக்குப் பிறகு கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்துக் குடிபோனோம். வீட்டுக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. முன்கட்டு முழுக்கப் பூட்டிக் கிடந்தது. எங்களுக்கு இரண்டு அறை, ஒரு அடுப்படி, வண்டி நிறுத்த ஒரு தாழ்வாரம். தாழ்வாரம்தான் வீட்டிலேயே சுத்தமான இடம்.

எழுபத்து மூன்றாம் வருஷம் அவரை ஒரு வருஷப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு எடுத்திருப்பதாக உத்தரவு வந்தது. மறுவருஷத் தொடக்கத்தில் போக வேண்டும். மனைவியை அழைத்துப்போக வழியில்லை. அவருடன் வேலை பார்த்த மதுரைக்கார நண்பர் ஒருவர் ஏற்கெனவே சில வருஷ மேற்படிப்புக்காக அங்கே போயிருந்தார். அங்கே பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை அவர் வாங்கி வைத்திருந்தார். நீயும் வந்துவிட்டால் கோடை விடுமுறையில் இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டிக்கொண்டு வடக்கே போவோம், டென்மார்க், ஸ்வீடன், நார்வே என்று நார்வேயின் நுனி வரைக்கும் போய்விடலாம், கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

திட்டம் போட்டவள் நான். இதைச் சொல்லாமல் மேலே போனால் கதையே தப்பாகிவிடும். அவர் வேதியியல் ஆள். தெற்கு எது வடக்கு எது என்று காரைக்குடி பஸ் நிலையத்திலேயே குழம்புவார். நான் பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். காரைக்குடியில் பழைய சாமான் கடையில், ஏதோ ஒரு பெரிய வீட்டிலிருந்து கழித்துப் போட்ட சாமான்களோடு கிடந்த தடித்த அட்லஸ் ஒன்றை அவர் வாங்கி வந்தார். தினம் சாயங்காலம் அதைத் தரையில் விரித்து, ஒரு நூலை வைத்துச் சாலை வளையும் இடமெல்லாம் வளைத்து, எந்த ஊரில் தங்குவது, எங்கே வண்டியைக் கப்பலில் ஏற்றிக் கடலைத் தாண்டுவது என்று நான்தான் சொன்னேன். நார்வேயின் தலைநகர் கிறிஸ்டியானியா என்று அட்லஸில் இருந்தது. நாங்களும் அப்படியே எழுதி அனுப்பினோம். அந்தப் பெயரை மாற்றி ஐம்பது வருஷம் ஆகப் போகிறது, இப்போது அது ஆஸ்லோ, எந்தக் காலத்து மகாராஜா உங்களுக்குப் படம் வரைந்து கொடுத்தார் என்று நண்பர் கேலி பண்ணிப் பதில் எழுதினார்.

அதே கடையில் ஒரு கம்பளிக் கோட்டும் கிடைத்தது. பாச்சை உருண்டை வாசம் அதைவிட்டுப் போகவே இல்லை. குளிர் உடுப்போடு வண்டி ஓட்டிப் பழக வேண்டும் என்று புரட்டாசி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். திரும்பி வரும்போது ஊறவைத்த துணி மாதிரி இருப்பார். கோட்டைக் கழற்றிக் கொடியில் போடுவதற்குள் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

கோட்டோடு விட்டாரா, இல்லை. ஐரோப்பாவில் சாலையின் வலது பக்கமாகப் போக வேண்டும் அல்லவா, அதையும் இங்கேயே பழகிக்கொள்ள வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து நாச்சியாபுரம் சாலையில் வலது பக்கமாகவே ஓட்டுவார். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பழக்கதோஷத்தில் அவர் இடது பக்கம் ஒதுங்கும்போதெல்லாம் முதுகில் தட்டுவேன். ஒருநாள் எதிரே விறகு ஏற்றிய மாட்டுவண்டி வந்துவிட்டது. வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"யோவ், எங்குட்டுய்யா வர்றே? பொம்பளையை வேற பின்னாடி வச்சுக்கிட்டு!"

"பழகிக்கிட்டு இருக்கேங்க" என்றார் இவர்.

"சாகுறதுக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் போனார். நாங்கள் வண்டியை ஓரமாக நிறுத்தி நெடுநேரம் சிரித்தோம். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். யாராவது கேட்டிருந்தால், நாங்கள் நார்வேக்குப் போகிறோம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த 'நாங்கள்' தப்பு என்று தெரிந்தது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. திரும்பி வரும் வழியில் அவர் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சூரியனைப் பார்த்தால் எப்படி இருக்கும், அதைப் பார்த்தவன் இந்தச் சீமையிலேயே வேறு எவனும் இருக்க மாட்டான் என்றெல்லாம்.

"அந்த நேரத்துல நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.

"நீயா? ஒங்க ஊருக்குப் போயி ஒங்க அம்மாவோட ஒரு மாசம் இருந்துட்டு வா. மாறுதலா இருக்கும்ல."

அவர் மேல் தப்பே இல்லை. நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. ஒவ்வொரு ஊராகத் தேடிப் பிடித்துக் கோத்தவள் நான். பார்க்கப் போகிறவர் அவர். நான் நாச்சியாபுரத்தில் வடகம் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். அந்த வெள்ளிக்கிழமை காரைக்குடியில் மாரியம்மன் கோயிலில் நின்றபோது, கண்ணை மூடியதும் வாய் தானாக முணுமுணுத்தது: ஆத்தா, அவருக்கு ஒரு குறையும் வரக் கூடாது, ஆனால் இந்தப் பயணம் மட்டும் நடக்கக் கூடாது. நடக்காமல் பண்ணு. உனக்குப் பால்குடம் எடுக்கிறேன்.

வேண்டிக்கொண்டுவிட்டு வெளியே வந்தபோதே உறுத்தியது. அன்று சாயங்காலம் அவர் அட்லஸை விரித்து, ஸ்டாக்ஹோமுக்கு முன்னால் எங்கே தங்கலாம் என்று கேட்டபோது, வழக்கத்தைவிட அக்கறையாகப் பதில் சொன்னேன். எவ்வளவு பெரிய நடிகை நான் என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

அம்மனிடம் நான் கேட்டது சின்ன விஷயம். உத்தரவில் ஏதாவது குளறுபடி, பாஸ்போர்ட்டில் ஏதாவது தடங்கல், அந்த அளவில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? உலகத்து எண்ணெயையே நிறுத்திவிட்டாள். அந்த ஐப்பசியில், இஸ்ரேலோடு மூண்ட சண்டையை வைத்து, அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. ரேடியோவில் தினமும் அதே பேச்சு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டதாகவும், பெரிய சாலைகளில் ஜனங்கள் நடந்து போவதாகவும் நண்பர் எழுதினார். கொஞ்ச நாளில் பயிற்சியையும் ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டார்கள். இங்கேயும் பெட்ரோல் விலை ஏறியது. அவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்து, சாக்குப் போட்டு மூடித் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு, டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அட்லஸை மட்டும் எடுத்துப் பரணில் போட்டார்.

படித்தவள்தான் நான். எனக்காக அரபு நாட்டு ராஜாக்கள் எண்ணெயை நிறுத்தவில்லை என்று தெரியாதா? தெரியும். ஆனால் தெரிவது ஒன்று, மனசு கிடந்து அடித்துக்கொள்வது இன்னொன்று. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கும்போது எனக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஒருநாள் எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், வரிசை நகராத எரிச்சலில், "எந்த மகராசி என்ன பாவம் செஞ்சாளோ, நம்ம அடுப்பு எரிய மாட்டேங்குது" என்றாள். அவள் யாரையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. எனக்கு என்னைத்தான் சொன்னது போல இருந்தது. "நீ முன்னாடி போம்மா, பிள்ளையோட நிக்கிறே" என்று என் இடத்தை விட்டுக்கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் நின்ற கிழவிக்கும் விட்டேன். என் முறை வந்தபோது தகரப் பீப்பாய் காலி. வெறும் டின்னோடு வீட்டுக்கு வந்து விறகு அடுப்பை ஊதினேன்.

வேண்டுதல் பலித்துவிட்டது. அம்மனுக்குக் கடன் வைக்கக் கூடாது. மாசித் திருவிழாவுக்கு மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலை சொருகி, பால்குடம் தூக்கினேன். எதற்கு வேண்டிக்கொண்டாய் என்று அவர் கேட்டார். "சும்மா, நல்லதுக்குத்தான்" என்றேன். அவர் கோயில் குளம் என்று அலைகிறவர் இல்லை. இருந்தாலும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். பத்து மணிக்கே தார்ச்சாலை கொதித்தது. பால்குடம் எடுக்கிறவர்களின் கால் பொரியாமல் இருக்க வீட்டுக்கு வீடு சாலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அவர் ஒரு வீட்டு வாசலில் குடத்தை இரவல் வாங்கி, நான் அடி வைக்கும் இடத்துக்கு முன்னால் குனிந்து குனிந்து தண்ணீரை விட்டுக்கொண்டே வந்தார். தீர்ந்தால் அடுத்த வீட்டில் நிரப்பிக்கொண்டு ஓடி வருவார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"சுடுதா? மெதுவா வா. கூட்டம் போகட்டும்" என்றார்.

தலையில் பால், கண்ணில் தண்ணீர். பக்கத்தில் வந்த பெண்கள் எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்துக் குலவை போட்டார்கள். அவர் ஆசைப்பட்டது நடக்காமல் போனதற்கு நான் நன்றி சொல்லப் போகிறேன். அந்த வழிக்கு அவரே தண்ணீர் தெளித்துக்கொண்டு வருகிறார். பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் சொல்லிவிட்டேன்.

"கோவிக்கக் கூடாது. நீங்க அந்த நார்வேக்குப் போகக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன். அதுக்குத்தான் இந்தப் பால்குடம்."

 அவர் சிரிக்க ஆரம்பித்தார். "அடிப்பாவி! ஒன் ஒருத்திக்காக ஆத்தா அரபு தேசம் வரைக்கும் போயி எண்ணெயை நிப்பாட்டிட்டு வந்துச்சா? பஸ்ஸு செலவு யாரு குடுத்தது?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது.

"எனக்கு எதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டியா?"

அவர் முகம் அப்படி இளகியிருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. பயமில்லை, வயிற்றெரிச்சல் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமா" என்றேன்.

 அவர் என் காலில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்து, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

மறுவருஷம் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. அவர் ஜெர்மனிக்குப் போனார். நான் நாச்சியாபுரம் போகவில்லை, கோட்டையூரிலேயே இருந்தேன். மாதத்துக்கு இரண்டு கடிதம் வரும். சாப்பாடு, குளிர், கூட வேலை செய்கிறவர்கள் என்று எழுதுவார். மோட்டார் சைக்கிள் பயணத்தைப் பற்றி, போகிறேன் என்றும் எழுதவில்லை, போகவில்லை என்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் குறைந்துவிடும். அங்கே கோடை விடுமுறை வந்த மாதம், பரணிலிருந்து அட்லஸை இறக்கினேன். இன்றைக்கு டென்மார்க், இன்றைக்குக் கப்பல் ஏறியிருப்பார்கள், இன்றைக்கு ஆஸ்லோ தாண்டியிருக்கும் என்று விரலை நகர்த்திக்கொண்டே போனேன். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் பார் என்று மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. விரல் நார்வேயின் நுனிக்குப் போன அன்று வெறுப்பில் சமைக்கவே இல்லை. கடையில் பரோட்டா வாங்கித் தின்றேன்.

அவர் திரும்பி வந்த அன்று ரயிலடிக்குப் போயிருந்தேன். கொஞ்சம் நிறம் வந்திருந்தது, கொஞ்சம் இளைத்திருந்தார். பெட்டிகளை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு உட்கார்ந்ததும், அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அப்புறம், சூரியன் எப்படி இருந்துச்சு?"

"எந்தச் சூரியன்?"

"அதாங்க, மறையாத சூரியன். நான் கேக்காட்டி சொல்லவே மாட்டீக போல."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நான் எங்க போனேன்? அவன் மட்டுந்தான் போனான். பின்னாடி சீட்டு காலியாத்தான் கெடக்கு, வா வான்னு உசுர வாங்குனான். வரலைன்னுட்டேன்."

"ஏன்?"

"ஏனா? நீதான் பயப்படுவியே. நான் அங்குட்டு வண்டியில போய்க்கிட்டு இருக்க, நீ இங்குட்டு சோறு தண்ணி இல்லாம ஆத்தா கோயில்ல உக்காந்திருப்பே. அதான் ரூமுலயே இருந்துட்டேன். லீவு முழுக்கத் துணி தொவச்சேன், தூங்குனேன். தனியாக் கெடந்தா பொழுது போக மாட்டேங்குது அங்க."

பஸ் கிளம்பியது.  அந்த மாதம் நான் சோறு தண்ணீர் இல்லாமல் இருக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டு, அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மன் நிறுத்தி வைத்தது ஒரு வருஷம்தான். அதற்கப்புறம் பெட்ரோல் இருந்தது, சாலை இருந்தது, சீட்டு காலியாக இருந்தது. என் ஒரு சொல்லை நம்பி அவர் ஏறாமல் நின்றிருக்கிறார். அந்த பஸ்ஸிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர் ஆசையோடு விட்டுக்கொடுத்தது ஒன்றுமில்லாததற்கு விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. தைரியம் வரவில்லை என்பதும் உண்மை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தார். கோட்டையூர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"என்ன, பேச்சையே காணோம்? நான் போகலைங்கறதுல சந்தோஷந்தானே?" என்று கேட்டார்.

மறுபடியும் "ஆமா" என்றுதான் சொன்னேன்.