வெள்ளிக்கிழமைக் குளிசை

சாம்பிராணி மணந்தால் எனக்குப் பிரித்தானியாவில், செவன் கிங்ஸ் பகுதியில் இருந்த நடராசா அண்ணையின் வீடுதான் நினைவுக்கு வரும். பிரித்தானிய இராணுவத்தில் இருந்தவர். முன்னாள் படைவீரர்களின் வீடுகளுக்குப் போய் மருந்துகளைச் சரிபார்க்கும் மருந்தாளர் நான். அவர் வெள்ளிக்கிழமைகளில் மயங்கி விழுந்துகொண்டிருந்தார். முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் பேச்சு நடந்தது.

விசாரித்தால், வெள்ளி விரதம். வெறும் வயிற்றிலும் நீரிழிவு என்ற சீனி வருத்தத்துக்கான குளிசையைத் தவறாமல் போட்டு, இரத்தச் சீனி இறங்கி விழுந்திருக்கிறார்.

"விரதத்தை விடுங்கோ அண்ணை."

"சண்டைக்குப் போன இடத்திலயே விடேல்லை. நீர் சொல்லி விடுறதோ?"

கோபம் வந்தது. பிறகு, அவரை ஏன் மாற்றவேண்டும், குளிசையை மாற்றினால் என்ன என்று தோன்றியது. அங்கிருந்தே டொக்டரை அழைத்து, பட்டினியிலும் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடாத குளிசைக்காக மல்லுக்கட்டினேன். டொக்டர் இணங்கினார். முதியோர் இல்லப் பேச்சும் நின்றது. பணிய மறுத்த ஒருவருக்காக வாதாடிய அன்றுதான் என் தொழில் எனக்குப் பிடித்துப்போனது.

வாசலில் அண்ணை சொன்னார்: "வெள்ளியில மட்டும் வராதையும் தம்பி. அடுப்பு மூட்டமாட்டன்."