விழாமல் ஒடிந்த முதுகு

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவளுக்கு ‘சீலக்கா’ என்று பெயர். ஸ்கேன் எடுக்க அனுமதி கேட்டு ஆஸ்பத்திரிகள் அனுப்பும் படிவங்களைப் பார்த்து, சம்மதமா மறுப்பா என்று முத்திரை குத்துவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் குத்துகிறாள். ஒரு படிவத்துக்கு இரண்டு நிமிஷம். அதில் ஒரு நிமிஷம் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்கு.

முதுகெலும்பு ஸ்கேன் என்றால் அவள் கண் நேராக ஏழாவது கட்டத்துக்குப் போகும். ‘கீழே விழுந்தாரா? எங்கே, எப்போது?’ குளியலறையில் வழுக்கி விழுந்தார், படியில் தடுக்கி விழுந்தார் என்று இருந்தால் சம்மதம். இல்லையென்றால், ‘அடிபட்ட விவரம் ஏதும் இல்லாததால் ஸ்கேன் அவசியமெனக் கருதவில்லை.’ அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்ததே அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

“பாத்ரூம் கட்டுறவங்களை எல்லாம் பிடிச்சு உள்ள போடணும்டி. எத்தனை பேரு வழுக்கி விழுறாங்க!” என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒருநாள் தையற்காரி ஒருத்தியின் படிவம் வந்தது. வயது அறுபத்தொன்று. ஏழாவது கட்டத்தில் அவளே தன் கையால் எழுதியிருந்தாள்: ‘விழவில்லை. இருமினேன். முதுகில் படக்கென்று சத்தம் கேட்டது.’ இருமினால் யாருக்காவது முதுகு ஒடியுமா? அதையும் சத்தமாக வாசித்துக் காட்டிச் சிரித்துவிட்டு மறுப்பைக் குத்தினாள் சீலக்கா.

ஏழு வாரம் கழித்துத் தையற்காரியின் மகளிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம். ஒடிந்த எலும்பு பின்னால் நகர்ந்து நரம்பை அழுத்திவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அன்றைக்கே ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்கிறார் டாக்டர். கடிதத்தில் ஒரு வசவுகூட இல்லை. நன்றாகத் திட்டியிருந்தால் சீலக்காவுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

அன்றிலிருந்து இருமல் சத்தம் அவளை விடவில்லை. லிஃப்டில் யாராவது இருமினால் அவள் கை தானாகச் சுவரைப் பிடித்தது. பழைய ஃபைல்கள் கிடக்கும் அறையில் ஆளே இல்லாதபோதும் இருமல் கேட்டது. வறட்டு இருமல், ஒரே ஒரு தடவை. பிறகு படக்.

“காதுக்கு ஒரு டாக்டரைப் பாரேன்” என்றார் கணவர். காதில் ஒன்றும் கோளாறில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு ஒருநாள் காலையில், நின்ற இடத்தில் நின்றபடி தண்ணீர் வாளியைத் தூக்கினாள். படக். எக்ஸ்ரேயில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை, ஸ்கேன் வேண்டும் என்றார் டாக்டர். படிவம் நிரப்புகிற நர்ஸ் பேனாவைத் திறந்தாள்.

“பாத்ரூம்ல விழுந்ததா போட்டுடவாக்கா?”

“நான் விழலையே.”

“யாருதான் விழுந்தா? எலும்பு தேஞ்சு போச்சுன்னா குனிஞ்சாலும் ஒடியும், தும்மினாலும் ஒடியும். விழலைன்னு எழுதினா அங்க ஒரு மகராசி இருக்கா, கண்ணை மூடிக்கிட்டுக் குத்திடுவா. அதனால எல்லாரையும் நாங்களே விழ வெச்சிடுவோம்.”

சீலக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்துக் குளியலறைகளில் எத்தனை காய்ந்தே கிடந்தனவோ! பொய் சொன்னவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்திருக்கிறாள். உள்ளதை உள்ளபடி எழுதிய ஒருத்தியின் காலைப் பறித்துவிட்டாள். வெட்கத்தில் முகம் எரிந்தது. கூடவே பயமும் வந்தது. செருப்புக்குள் கால்விரல்களை அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. இன்றைக்கு அசைகின்றன.

பேனாவை வாங்கித் தானே எழுதினாள்: ‘விழவில்லை. வாளி தூக்கினேன்.’

மறுநாள் பக்கத்து மேசைக்காரி போன் செய்தாள். “அக்கா, உங்க படிவம் என் மேசைக்குத்தான் வந்திருக்கு. ஒரே ஒரு வார்த்தையை மாத்தி அனுப்புங்க. இப்பவே பாஸ் பண்ணிடறேன்.”

“மாத்தினா, விழுந்தாத்தான் ஒடியும்னு நம்ம ஃபைல் இன்னொரு தடவை சாதிக்கும். என் வாக்கியத்தையே போட்டுக் குத்து. அந்தத் தாளோட மேல்முறையீடு போடறேன்.”

“அதுக்குள்ள கால் போயிட்டா?”

சீலக்கா கால்விரல்களை இன்னொரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுப் போனை வைத்தாள்.

மறுப்பு வந்த அன்றே ஆட்டோ பிடித்துத் தையற்காரியின் வீட்டுக்குப் போனாள். இரண்டு பேர் வழக்கையும் சேர்த்து மேல்முறையீடு செய்ய அவள் கையெழுத்து வேண்டும். அதற்கு முன்னால், குத்தியது நான்தான் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

மகள் கதவைத் திறந்து, இன்சூரன்ஸிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று மட்டும் உள்ளே சொன்னாள். தையல் மிஷின் போர்வை மூடிக் கிடந்தது. அதை ஒட்டிய கட்டிலில் தையற்காரி படுத்திருந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிறவளை அவள் கவலையோடு பார்த்தாள்.

“பாத்து வாங்க. இப்படி நடக்குறீங்களே, எங்கயாவது விழுந்துட்டீங்களா?”

ஏழாவது கட்டத்துக் கேள்வி.

“விழலைம்மா.”

“அப்படி எழுதிடாதீங்க” என்றாள் தையற்காரி. “நம்ப மாட்டாங்க. நான் எழுதிப் பாத்துட்டேன்.”