சட்டை கழற்றாத சுப்பராயலு

பாகூர்ப் பக்கத்தில் தனக்கொடியின் பூத்தையலுக்கு நல்ல பேர். சிறுமியாக இருந்தபோது புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகளிடம் கற்றுக்கொண்ட வேலை. அப்படிப்பட்டவளின் ஊசிப் பெட்டியைத்தான் அந்தக் கோடையில் அவள் புருஷன் சுப்பராயலு பிடுங்கிப் பத்தாயத்துக்குள் போட்டுப் பூட்டினார். ஊரெங்கும் பெரியம்மை. ஆத்தா உலாவுகிற நேரத்தில் ஊசி எடுத்தால் அவள் உடம்பிலேயே குத்துவதற்குச் சமமாம். அன்றைக்குத் தலையணை உறையில் ஒரு கிளி முழுசாகவும் இன்னொன்று மூக்கில்லாமலும் இருந்தது.

அதோடு விட்டாரா? தாளிக்கக் கூடாது, கருவாடு கூடாது, தலை சீவக் கூடாது என்று அடுக்கினார். இதெல்லாம் அம்மை கண்ட வீட்டில் எல்லாரும் செய்வதுதான். காணாத வீட்டுக்கும் சேர்த்துச் சட்டம் போட்டவர் அவர் ஒருவர்தான். நெல்லும் கரும்புமாக நிறைய நிலம் வைத்திருப்பவர், அடுத்த தேர்தலில் ஊர்த் தலைவராக, அதாவது மேர் ஆகிவிடவேண்டும் என்று ஆசை வேறு. பக்தியில் ஊரை விட ஒரு படி மேலே நின்றால்தானே நாலு பேர் மதிப்பார்கள்.

வெளியே போக வழியில்லாமல் மனுஷர் வீட்டிலேயே கிடந்தது தனக்கொடிக்குப் பெரிய தலைவலி. அவரைப் பந்தலுக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று கத்தரி நாற்றை மிதித்து நாசம் செய்தார். தாளிக்காத பருப்பைப் போட்டால் ஆஸ்பத்திரிச் சோறு என்று முகத்தைச் சுளித்தார். சரி, தாளிக்கட்டுமா என்று கேட்டால், ஆத்தா கோபிப்பாள் என்றார். கொல்லையில் காய்த்தது பூசணி ஒன்றுதான். வேளாவேளைக்கு அதையே தின்று அவருக்கு அழுகை வராத குறை. பார்க்கப் பார்க்க அவளுக்கு உள்ளூர ஆனந்தமாக இருந்தது.

ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லை. வீட்டில் எந்நாளும் வெற்று மார்போடு திரிகிறவர், அந்த வெயிலில் சட்டையைக் கழற்றவே இல்லை. சாப்பிடும்போதும் சட்டை, தூங்கும்போதும் சட்டை. குளிக்கப் போனால் கிணற்றடியைச் சுற்றிக் கீற்றுத் தட்டி. கேட்டதற்கு, ஆத்தா வருகிற காலத்தில் ஆம்பிளை திறந்த மார்போடு நிற்கலாகாது என்று யாரும் கேள்விப்படாத வழக்கம் ஒன்றைச் சொன்னார். அது வேலி தாண்டித் தெருவுக்குப் போயிற்று. மறுநாள் தெருவில் இருந்த ஆண்கள் எல்லாரும் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு வியர்த்து வழிந்தார்கள். சட்டையே இல்லாத பண்ணையாள் இருசப்பன் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் கட்டினான்.

இருசப்பனுக்கு ஒரே மகள். சர்க்கார் ஆள் அம்மை குத்த வந்தபோது, ஐயா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பதற்காக அவளைக் கரும்புக்குள் ஒளித்து வைத்தான். தனக்கொடியும் தன் மகள் மணியம்மாளுக்குக் குத்திவிடலாம் என்று கெஞ்சினாள்.

"ஆத்தாவுக்கே ஊசி காட்டுறியாடி? இந்த வூட்டு வாசல்ல ஊசி நொழையாது" என்று சுப்பராயலு பேச்சை முடித்துவிட்டார்.

அந்த மாசமே இருசப்பனின் மகளை அம்மை கொண்டுபோயிற்று. அதன்பிறகு தனக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. தூங்குகிற மணியம்மாளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி கிடந்தாள்.

ஒருநாள் அவர் குளிக்கும்போது தட்டியின்மேல் கிடந்த சட்டையை எடுத்துப் பார்த்தாள். இடது கையில் மேல்பக்கம் ஒரு கறை. கேட்டதற்கு வாழைக்கறை என்றார். வாழைக்கறை கருத்துப் போகும். இது மஞ்சளாக, கஞ்சி காய்ந்ததுபோல் விறைப்பாக இருந்தது. கன்னியாஸ்திரிகள் மடத்தில் அம்மை குத்திய பிறகு சிறுமிகள் அத்தனை பேர் கையிலும் இதே கறையை அவள் பார்த்திருக்கிறாள், தன் கையிலும்தான். புண்ணாக்கு வாங்கப் போகிறேன் என்று டவுனுக்கு வண்டி கட்டியவர் புண்ணாக்கே இல்லாமல் திரும்பிய நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அம்மை குத்துகிறவர் மறுபடியும் தெருவுக்கு வந்தார். சுப்பராயலு வேப்பிலைக் கொத்தும் கையுமாக வாசலில் நின்று, கூடியிருந்தவர்களுக்கு ஆத்தாவின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கொடி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மொதல்ல இவரு சட்டையக் கழட்டச் சொல்லுங்க. அப்பறம் எம் பொண்ணு கையக் காட்டுறேன்."

பொம்பளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார் சுப்பராயலு. அந்தச் சட்டையைத் தைத்தவளே அவள்தான். எங்கே பிடித்து இழுத்தால் பிரியும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரே இழுப்பில் சட்டைக்கை தனியாக வந்துவிட்டது. தோளுக்குக் கீழே வட்ட வட்டமாக, தோல் இன்னும் சிவந்து, அம்மை குத்திய தழும்புகள்.

அம்மை குத்துகிறவர் குனிந்து பார்த்து, குத்தியது நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பாராட்டினார். மணியம்மாள்தான் முதலில் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் தெருவே சட்டையைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றது. சாக்கைப் போர்த்தியிருந்த இருசப்பன் மட்டும் வரிசைக்குப் போகாமல் சுப்பராயலுவின் எதிரே வந்து, அந்தத் தழும்புகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒங்க மேல கோச்சிக்காத ஆத்தா, எம் பொண்ணு மேல மட்டும் கோச்சிக்கினு இருப்பாளா ஐயா?" என்று கேட்டான்.

சுப்பராயலு கீழே கிடந்த சட்டைக்கையை எடுத்துத் தோளில் வைத்துப் பொத்திக்கொண்டார்.