பூப்போடும் மிஷினும் பெரிய பல்லும்

சித்தப்பா சைகோனிலிருந்து திரும்பி வந்தபோது உறவுக்காரர்கள் எதிர்பார்த்தது பட்டுத் துணியும் வாசனை சோப்பும். வண்டியிலிருந்து அவர் இறக்கியதோ ஒரு மரப்பெட்டி. அதற்குள் மின்சாரத்தில் ஓடும் ஒரு மிஷின். எங்கள் உறுவையாறு கிராமத்தில் அப்போது மின்சாரமே கிடையாது. சிம்னி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இத்த எதுல கொளுத்துறது?" என்று கேட்டாள்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சைகோனிலும் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா நான்கு வருஷம் வேலை பார்த்த மேஜை நாற்காலிப் பட்டறையின் முதலாளி, கடையை மூடும்போது, ஆசையாக வேலை செய்த ஆள் என்று அந்த மிஷினை அவருக்கே கொடுத்துவிட்டாராம். அதன் பிரெஞ்சுப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. மரத்தின் ஓரத்தில் வளைவும் நெளிவுமாக வேலைப்பாடு செய்வதால் பூப்போடும் மிஷின் என்று வைத்துக்கொண்டோம். கூடவே பன்னிரண்டு வெட்டு முனைகள். அவற்றுக்குப் பல் என்று பெயர் வைத்தோம். ஒவ்வொரு பல்லும் ஒரு வடிவம். மிஷினில் எதை மாட்டுகிறோமோ அந்த வடிவத்துக்கு மரம் வெட்டுப்படும்.

மிஷினுக்குத்தான் வேலை இல்லை, சித்தப்பாவின் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பார்க்க வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துப் பற்களைப் பரப்பிவிடுவார். நேர்ப்பல் பலகை செருகுவதற்குக் காடி எடுக்க. உருண்டைப்பல் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் போட. வாத்துக் கழுத்தாக வளைந்த பல் கதவு ஓரத்துக்கு. பல் சுற்றுகிற திசைக்கு எதிர்த்தாற்போல்தான் மிஷினைத் தள்ள வேண்டும், அதன் போக்கிலேயே போனால் ஆளையே இழுத்துக்கொண்டு ஓடிவிடும் என்பார். கடைசியாக விரலை ஆட்டி ஆட்டி ஒன்று சொல்வார். "பெரிய பல்ல எடுத்த எடுப்புல ஆழமா வுடவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமா, மூணு தபா நாலு தபாவா வுடணும்." எனக்கு ஒன்பது வயது. வாய்ப்பாடு ஏறாத மண்டையில் பன்னிரண்டு பல்லும் பழுதில்லாமல் ஏறிவிட்டன.

தாத்தா போனபிறகு சித்தப்பாவை வளர்த்து ஆளாக்கி, சித்தியைக் கட்டிவைத்தது அப்பாதான். தம்பி இனி எங்கேயும் போகக் கூடாது என்பது அப்பாவின் தீர்ப்பு. பழைய முதலாளி பிரான்சுக்கு வரச்சொல்லிக் கடிதம் எழுதியிருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பா காதில் மட்டும் அந்தப் பேச்சு விழவே விழாது. "வெளியூரு பொழப்பு போதும். இங்கியே கட போட்றா" என்று சொன்னதோடு நிற்காமல், வில்லியனூரில் மின்சாரம் வந்திருந்த அரிசி மில்லை ஒட்டி ஒரு கொட்டகையும் போட்டுவிட்டார். சித்தப்பா "சரிண்ணா" என்றார். அண்ணன் எதைச் சொன்னாலும் அவர் வாயில் வருவது அது ஒன்றுதான்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. தினமும் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதும், நான் வழிநெடுகப் பேசுவதையெல்லாம் "அப்புறம்?" என்று கேட்பதும் சித்தப்பாதான். எங்கள் வீட்டில் வேறு எந்தப் பெரியவருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. அவர் போய்விட்டால் நான் யாரிடம் பேசுவது?

கொட்டகை திறந்த அன்று நல்ல கூட்டம். மில்காரர் தன் புது வீட்டுக்கு எட்டுக் கதவு செய்யும் வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் மிஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தருவாராம். ஒரு பூவரசம் பலகையை மேஜையில் இறுக்கி, மிஷினுக்குக் கற்பூரம் காட்டினார்கள். சித்தப்பா பற்களை வரிசையாக வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு கண்ணு. எத்தப் போடலாம்?"

அத்தனை பேர் நடுவில் என்னையா கேட்பது! நான் ஒரு முழம் வளர்ந்துவிட்டேன். பெரிய பூவாக விழுந்தால் மில்காரர் மலைத்துப்போவார், எட்டுக் கதவும் கிடைக்கும், சித்தப்பா இங்கேயே இருப்பார். யோசித்துப் பார்த்து, இருப்பதிலேயே பெரிய பல்லைத் தொட்டேன். சித்தப்பா மறுபேச்சுப் பேசாமல் அதையே மாட்டினார்.

சுவிட்சைப் போட்டதும் மிஷின் அலறிய அலறலில் மில்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பல் மரத்தில் இறங்கியது. ஒரு சாண் தூரத்துக்கு, அம்மாடி, என்ன அழகான வளைவு! "பலே" என்று அப்பா வாயெடுத்தார். எடுத்த வாயை மூடுவதற்குள் மரம் கருகியது. மிஷினின் வயிற்றிலிருந்து முதலில் நீலப்புகை, அப்புறம் குபீரென்று கரும்புகை. அதோடு சத்தம் நின்றுவிட்டது.

"இன்னாடா ஆச்சி?" என்றார் அப்பா.

"உள்ள எரிஞ்சிபூடுச்சிண்ணா" என்றார் சித்தப்பா, குனிந்த தலை நிமிராமல். சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாவம், அழுகிறாள் என்று அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

 பெரிய பல்லை எடுத்த எடுப்பில் விடக் கூடாது. தெரிந்திருந்தும் அதைத் தொட்டது நான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுக் கோளாறு என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்க்கலாம் என்று அப்பா வண்டி கட்டச் சொன்னார். "நீ எதுக்குண்ணா அலையிற, நானே போறேன்" என்று சித்தப்பா போனார். எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள் என்று சாயங்காலம் திரும்பி வந்தார். மில்காரர் கதவு வேலையை வேறு ஆசாரிக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில், சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்தபடியே கதறிவிட்டேன். "நான்தான் பெருசு சொன்னேன். என்னாலதான் எரிஞ்சிடுச்சி."

சைக்கிள் தள்ளாடி நின்றது. சித்தப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடி பைத்தியமே. நீ எந்தப் பல்லச் சொல்லியிருந்தாலும் அது எரிஞ்சிதாண்டி இருக்கும்."

என்ன மனசு! என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய்கூடச் சொல்கிறாரே என்று நான் இன்னும் பலமாக அழுதேன்.

ஒரு வாரம் போனது. அப்பாவே வாயைத் திறந்தார். "அந்த மொதலாளி கூப்புட்றாருன்னியே, எழுதிப் போடு. இங்க குந்திகினு இன்னா பண்ணப் போற?" சித்தப்பா வழக்கம்போல "சரிண்ணா" என்றார். அதன்பிறகு காகிதமெல்லாம் எப்படித்தான் அவ்வளவு மளமளவென்று தயாரானதோ. இருபதாம் நாள் சித்தியும் அவரும் புறப்பட்டுவிட்டார்கள். சித்தியின் பெட்டியில் அவளே பின்னிய கம்பளிச் சட்டைகள் நான்கு இருந்தன. எங்கள் சித்தி இருபதே நாளில் நான்கு சட்டை பின்னிவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

வில்லியனூர் ஸ்டேஷனில் பெட்டிகளை அப்பாவே தூக்கி ஏற்றினார். ரயில் கண்ணுக்கு மறைந்ததும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அதற்கும் காரணம் நான்தானே. இனி எதிலும் பெரியதுக்கு ஆசைப்பட மாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தேன். அப்புறம் பல வருஷம் அதிரசத் தட்டில்கூடச் சின்னதாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது. வீட்டுக்குள் கம்பி இழுக்க வந்த ஒயர்மேன் பரணில் கிடந்த மிஷினைப் பார்த்துவிட்டு, ஆசையாக இறக்கித் துடைத்து, அடியிலிருந்த தகட்டைப் படித்தார்.

"இன்னாங்க இது, நூத்திப்பத்து வோல்ட்டு மிஷினு! நம்ம கரண்டு இதுக்கு ரெண்டு மடங்காச்சே. சொருகுன ஒடனே பொகஞ்சிருக்குமே."

"ஓட்டுறவனுக்கு அது தெரியுமா?" என்றார் அப்பா மெதுவாக.

"நல்லா கேட்டீங்க. இத்த வெச்சி வேல செஞ்சவருக்குத் தெரியாம? மொதல்ல பாக்குறதே அதத்தான்."

அப்பா தனக்குப் படிக்கத் தெரியாத அந்தப் பிரெஞ்சுத் தகட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வாயத் தொறந்து, நான் போறேண்ணான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்பீங்க" என்றாள் அம்மா, அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

 அப்பா என்னை ஒயர்மேனுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். நான் சொம்போடு அப்படியே நின்றேன். அந்த நிமிஷம் வரைக்கும், சித்தப்பா என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.