கேட்காத கச்சேரிக்கு ஒரு சிபாரிசு

மாதத்தின் கடைசி வாரம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நிச்சயம். டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்காகத் தமிழ்ச் சங்கத்தார் மாதம் ஒரு தாள் போடுவார்கள். எந்த நாடகத்துக்குப் போகலாம், யார் பாட்டைத் தவறாமல் கேட்க வேண்டும், நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுக்கலாம், கடைசியில் காசில்லாமல் சந்தோஷப்பட ஒரு விஷயம். அவ்வளவுதான் தாள். அடியில் என் கணவர் பெயர் இருக்கும். எழுதுவது நான்.

அவர் கரோல் பாக் மாடி வீடு ஒன்றில் பிறந்து, ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழை வரிக்கு அடியில் விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எழுதச் சொன்னால் மளிகைச் சாமான் பட்டியலே ஹிந்தியில்தான் வரும். ஆனால் சங்கச் செயலாளர் கேட்டபோது, "தாராளமா பண்ணிரலாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்து என் தலையில் கட்டினார். நான் திருநெல்வேலிப் பக்கத்தில் பள்ளி இறுதி வரை படித்தவள். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். அந்தக் கர்வத்தில் ஒப்புக்கொண்டேன்.

தாளில் எழுதுகிறவருக்கு அரங்கங்களிலிருந்து ஓசி பாஸ் வரும். ஒருவருக்கு மட்டும். அவர் பெயரில் வருவதால் அவர் போவார். நான் இரண்டு குழந்தைகளோடு வீட்டில் இருப்பேன். எனக்கு நகை ஆசை இல்லை, புடவை ஆசை இல்லை. ஒரு முழுக் கச்சேரியை, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். டெல்லிக்கு வந்த நாளிலிருந்து அந்த ஒரே ஆசைதான். "நாம டிக்கெட் வாங்கிப் போவோமே" என்பேன். "அச்சா, அச்சா, பாக்கலாம்" என்பார். பார்த்ததே இல்லை.

திரும்பி வந்ததும் பிடித்துக்கொள்வேன்.

"என்ன ராகம் விரிவாப் பாடுனாங்க?"

"வயலின்காரர் கண்ணை மூடவே இல்ல. பாடறவங்க வாயையே பாத்துக்கிட்டிருந்தார்."

"ராகம் என்னன்னு கேக்கேன்!"

"முன்வரிசையில ஒரு அம்மா கண்ணாடியைக் கழட்டிக் கழட்டித் தொடைச்சாங்க. நாலு தடவை."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கச்சேரிக்குப் போகிற மனுஷன் காதைத் திறந்து வைத்துக்கொண்டு போக வேண்டாமா? பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். பிறகு வேறு வழியில்லாமல், அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்ததை வைத்துக்கொண்டு, அப்போது இன்ன பாட்டாக இருந்திருக்கும், குரல் இப்படி இறங்கியிருக்கும் என்று நானே கட்டி எழுதுவேன். நகலெடுக்கிற ஸ்டென்சில் தாளில் அடித்துத் திருத்த முடியாது, அதனால் ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் பாடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது. படித்தவர்கள் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் எழுத்துல பாட்டே கேக்குதும்மா" என்பார்கள். சிரித்து வைப்பேன். வயிறு எரியும்.

தாளில் கடைசி விஷயம் மட்டும் நான் கண்ணால் பார்த்ததாக இருக்கும். சாணக்யபுரி சாலையில் இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்ந்து சிவப்பாகப் பூத்திருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிப் போங்கள் என்று ஒரு மாதம் எழுதினேன். பத்துப் பதினைந்து குடும்பங்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தன. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆறு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு ஜனவரியில், கூட்டம் வராது என்று பயந்தார்களோ என்னவோ, இரண்டு பாஸ் அனுப்பிவிட்டார்கள். மாடியில் எங்கள் ஊர்ப்பக்கத்து நர்ஸ் அக்கா ஒருவர் இருந்தார். அன்று அவருக்கு டியூட்டி இல்லை. "புள்ளைகள நான் பாத்துக்கிடுதேன், நீ நிம்மதியாப் போயிட்டு வா" என்றார். கல்யாணத்துக்கு அப்புறம் அவ்வளவு பதற்றமாக நான் புடவை கட்டியதில்லை.

அவர் நேராக முன்வரிசைக்குப் போனார். பெரிய மனுஷன் என்று காட்டிக்கொள்கிறாராக்கும் என்று நினைத்தேன். கச்சேரி தொடங்கியது. அதை எப்படிச் சொல்வது? ஆறு வருஷமாகக் கற்பனையில் கேட்டவளுக்கு நிஜக் குரல் நெஞ்சில் வந்து முட்டியது. மூன்றாவது பாட்டின் நடுவில் மின்சாரம் போயிற்று. மைக் செத்தது. அரங்கம் முழுக்கக் கும்மிருட்டு. பாடிக்கொண்டிருந்த அம்மாள் நிறுத்தவில்லை. மைக் இல்லாமல், இன்னும் மெல்லிய குரலில் தொடர்ந்து பாடினார். இருமல் கூட நின்றுபோய் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போது என் பக்கத்திலிருந்து அவர் உரக்கக் கேட்டார்: "முடிச்சுட்டாங்களா? சலோ, ஜல்தியாப் போனா பஸ்ஸைப் புடிச்சிரலாம்."

பின்னாலிருந்து நாலு பேர் உஷ் என்றார்கள். எனக்கு மானம் போயிற்று. அவர் கையைப் பிடித்து இழுத்து, "பாடிக்கிட்டுல்லா இருக்காங்க!" என்றேன். "என்ன?" என்றார், இன்னும் உரக்க. எழுந்தே நின்றுவிட்டார். அவர் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இருட்டில் பார்க்க ஒன்றுமில்லை. அதனால் அவருக்குக் கச்சேரி முடிந்துவிட்டது.

மிச்சக் கச்சேரி என் காதில் ஏறவில்லை. நான் சமையலறையிலிருந்து கத்திய கத்தலெல்லாம், அவர் சொன்ன அச்சாவெல்லாம் வரிசையாக வந்து நின்றன. திமிர் என்று நினைத்திருந்தேன். என்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்று எத்தனை முறை அழுதிருக்கிறேன்!

பஸ் ஏறி வந்தோம். இறங்கி நடக்கும்போது தெருவிளக்கின் கீழ் அவரை நிறுத்தி, முகத்துக்கு நேராகக் கேட்டேன். "எத்தனை வருஷமா?"

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல நினைத்து, பிறகு விட்டுவிட்டார் என்று தெரிந்தது. "பெரியவன் பொறந்ததுலேர்ந்து. கொஞ்சம் கொஞ்சமா. மைக் வச்சா இரைச்சல் மாதிரி ஏதோ கேக்கும். ஆபீஸ்ல தெரிஞ்சா மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிருவாங்க. வேலை போச்சுன்னா குவார்ட்டர்ஸும் போயிரும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பாவம் பாப்பே. திட்டறதே தேவலைன்னு இருந்துட்டேன்."

இரக்கப்பட வேண்டிய இடம்தான். ஆனால் எனக்கு வந்தது கோபம். ஒளிக்காமல் சொல்கிறேன், அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. "காது கேக்காத மனுஷனுக்குக் கச்சேரி என்னத்துக்கு? ஆறு வருஷம்! அந்தப் பாஸை எனக்குத் தந்திருந்தா நான் போய் கேட்டுட்டு வந்திருப்பேன்லா? புள்ளைகள நீங்க பாத்துக்கிட்டிருக்கலாம்லா?"

அவர் தலை குனிந்தார். "தப்புதான். நீ எழுதறதை நிறுத்திருவியோன்னு பயம். நான் வந்து கண்டதைச் சொல்லுவேன், நீ எழுதுவே. அதைப் படிச்சாத்தான் அன்னிக்கு என்ன பாடினாங்கன்னே எனக்குத் தெரியும். நாலு நாள் வச்சுப் படிப்பேன்."

நான் வாயைத் திறந்தேன். அதெல்லாம் என் கட்டுக்கதை, அந்தப் பாட்டுகளை யாரும் பாடவே இல்லை என்று சொல்ல வந்தேன். அவர் என் உதட்டைப் பார்த்துக் காத்திருந்தார். என்னால் சொல்ல முடியவில்லை. "குளிருது, வாங்க" என்றேன்.

அந்த மாதம்தான் முதன்முறையாகக் காதால் கேட்டதை எழுதினேன். மைக் இல்லாமல் அந்த அம்மாள் பாடியதை அப்படியே கொடுத்துவிட வேண்டும், என் கணவருக்கு ஒரு சுரம் கூடத் தவறக் கூடாது என்று மூன்று நாள் பாடுபட்டேன். ஒரு ஸ்டென்சில் பாழாயிற்று. பொய்யை எழுதியபோது கை தானாக ஓடியது. நிஜத்தை எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வார்த்தையும் குறைவாகப் பட்டது.

தாள் அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விரல் வைத்துப் படித்தார். நான் அரிசி களைவதை விட்டுவிட்டு வாசற்படியில் நின்று பார்த்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், என் மனம் நோகக் கூடாதே என்ற தயக்கத்தோடு. "ஆனா போன மாசக் கச்சேரி இதைவிட ரொம்ப நல்லா இருந்துச்சு, இல்ல?"

நான் வெயிலுக்கு வந்து, என் உதடு அவருக்கு நன்றாகத் தெரியும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆமாங்க, அது ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.